மூன்று வீடும் மூன்று கிணறும்

கொக்குவிலுக்கு முதன்முறையாக வருகின்ற ஒருவர், வழி தவறாமல் உறவினர் வீட்டை அடைவது அரிது. காங்கேசன்துறை வீதியும் புகையிரதப் பாதையும் ஊரை ஊடறுத்துச் செல்கின்றன. அவற்றைத் தொடர்ந்து செல்பவருக்குத் தடுமாற்றம் இல்லை. ஆயின் அவ்விரண்டையும் விட்டு உள்ளே நாலடி வைத்துவிட்டால், ஒழுங்கையிலிருந்து ஒழுங்கை கிளைத்து, வேலியோடு வேலியாக வளைந்து, புறப்பட்ட இடத்துக்கே நம்மைக் கொண்டுவந்து நிறுத்திவிடும். வெள்ளம் ஓடிய தடங்களே ஒழுங்கைகளாயின என்று சொல்வாருமுளர். எமக்கோ வேறொரு காரணமும் உண்டென்று தோன்றும். ஒருவர் போகும் வழி மற்றவர் வழியைக் குறுக்கே வெட்டினால் அங்கே பேச்சு வளரும். பேச்சு வளர்ந்தால் வழக்கு வளரும். அதனை அஞ்சி ஒதுங்கி ஒதுங்கி நடந்த மனிதரின் கால்களும் அவ்வளைவுகளிற் சிலவற்றை வகுத்திருத்தல் கூடும்.

ஒன்றையொன்று வெட்டாமல் வழிகளை அமைக்க இயலுமா, இயலாதெனின் எத்தனை குறுக்கீட்டோடு அமையலாம் என்பது கணித நூலார் இன்றும் ஆராய்கின்ற கேள்வியாகும். அக்கேள்வி நூல்களின் வாயிலாக எம்மை வந்தடைவதற்குப் பல்லாண்டு முன்னரே எமது வளவுக்குள் வந்து, எமது குடும்பத்தை இரண்டாகப் பிரித்துவிட்டது. அக்கதையை இங்கே சொல்லுவோம்.

யாழ்ப்பாணக் குடாநாட்டிலே ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. பெய்யும் மழை சுண்ணாம்புக் கல்லினூடே இறங்கி நிலத்தடியில் தங்குகிறது. அதனைக் கிணறு வெட்டியே நாம் பெறுகின்றோம். ஆதலின் எமது நாட்டிற் காணிக்கு எவ்வளவு மதிப்போ, கிணற்றுப் பங்குக்கும் அவ்வளவு மதிப்பு. காணி உறுதிகளைப் புரட்டிப் பார்த்தவர் அறிவர்: நிலத்தின் பரப்பையும் எல்லைகளையும் எழுதிய கையோடு, கிணற்றில் இத்தனையில் ஒரு பங்கும் அதற்குரிய வழி வாய்க்கால் உரித்தும் எழுதப்பட்டிருக்கும். ஒல்லாந்தர் ஆட்சியில் 1707ஆம் ஆண்டு தொகுக்கப்பட்ட தேசவழமையோ, பங்காளி தன் பங்கை விற்கும்போது மற்றப் பங்காளிக்கே முதலிற் கேட்க வேண்டுமென்று விதித்தது. ஆகவே பகை வந்தாலும் பங்காளியை விட்டு விலகுதல் எளிதன்று.

எமது அப்புவுக்குப் பதினெட்டுப் பரப்புக் காணியும் மூன்று பெண் மக்களும் இருந்தனர். 1960-களின் முற்பகுதியில் அவர் காணியை மூன்றாகப் பிரித்தார். கிழக்கோரத்திலே மூன்று வீடுகள் வரிசையாக நின்றன. மேற்கோரத்திலே மூன்று கிணறுகள். ஒன்று குடிப்பதற்குரிய நல்ல தண்ணீர்க் கிணறு. ஒன்று குளிப்புக் கிணறு. ஒன்று துலாவோடு கூடிய தோட்டக் கிணறு. ஆளுக்கொரு கிணறு என்று பிரித்திருக்கலாம். ஆனால் உவர்த் தண்ணீர் கிடைத்த மகள் மனம் நோவாளே என்று எண்ணிய அப்பு, ஒவ்வொரு கிணற்றிலும் ஒவ்வொருவருக்கும் மூன்றில் ஒரு பங்கு என்று எழுதுவித்தார். வழி வாய்க்கால் உரித்தும் அவ்வாறே. இதைவிட நேர்மையான பங்கீடு இல்லையென்று நொத்தாரிசும் மெச்சியதாகச் சொல்வார்கள்.

அந்த நேர்மையிலிருந்து ஒன்பது வழிகள் பிறந்தன. வீட்டுக்கு மூன்று வழியாக மூன்று வீட்டுக்கு ஒன்பது. எல்லோரும் தத்தம் வாயிலிலிருந்து கிணற்றுக்கு நேரே நடந்தால், அவ்வழிகள் இரண்டிரண்டாக ஒன்றையொன்று வெட்டும் இடங்களும் ஒன்பது.

நடைபாதையை நடைபாதை வெட்டினால் பெருங் கேடு இல்லை; ஒருவர் சற்று நின்று மற்றவரைப் போகவிடலாம். தோட்டக் கிணற்றின் வழிகளோ வாய்க்கால்கள். துலா மிதிக்க ஒருவர், பட்டை பிடித்து இறைக்க ஒருவர், பாத்திகளுக்குத் தண்ணீர் மாற ஒருவர் என்று மூவர் விடியுமுன்னரே பாடுபட்டு இறைக்கும் நீர், மண் வரம்பிட்ட வாய்க்காலிலே ஓடிவரும். அவ்வரம்பிலே ஒரு கால் பட்டு ஓரிடம் இடிந்தாற் போதும். மிளகாய்க் கன்றுக்குப் போக வேண்டிய தண்ணீர் கிளுவை வேலிக்குப் போய்விடும். இவ்வாறு முதலில் முணுமுணுப்பும், பின்னர் ஏச்சும், அதன்பின் பேச்சின்மையும் வந்தன.

அவ்வாண்டு பாடசாலை விடுமுறையில் எம்மையும் ஒன்றுவிட்ட சகோதரர்களையும் ஆச்சி அழைத்தார். ஒருவர் வழியை ஒருவர் வெட்டாதபடி ஒன்பது வழியையும் முற்றத்து மணலிலே கீறிக் காட்டுபவருக்கு ஒரு பனங்கட்டிக் குட்டான் தருவதாகச் சொன்னார். நாம் ஆறு பேரும் மணலிற் குந்தினோம். மூன்று சிரட்டைகள் வீடுகளாயின. மூன்று புளியங்கொட்டைகள் கிணறுகளாயின. வீட்டைச் சுற்றியும் கிணற்றைச் சுற்றியும் வழிகளை வளைத்தோம். ஒன்பது குறுக்கீடு ஏழாயிற்று, ஏழு ஐந்தாயிற்று, ஐந்து மூன்றாயிற்று, மூன்றாம் நாள் மாலையில் மூன்று ஒன்றாயிற்று. அந்த ஒன்று மட்டும் போகவில்லை. ஓரிடத்தில் அழித்தால் இன்னோரிடத்தில் முளைத்தது. எட்டு வழிகள் அமைந்துவிடும். ஒன்பதாவது எங்கேயாவது ஒன்றை வெட்டியே தீரும்.

"கோழி கிண்டினது போலை முத்தத்தைக் கிண்டி வைச்சிருக்கிறியள். என்ன கண்டனியள்?" என்று ஆச்சி கேட்டார்.

"ஒண்டு மிஞ்சுது, ஆச்சி," என்றோம்.

மிஞ்சியது, எமது தாயார் நல்ல தண்ணீர்க் கிணற்றுக்குச் செல்லும் வழி, பெரியம்மாவின் வாய்க்காலை வெட்டும் இடம். ஒன்பது போய் ஒன்று நின்றதைக் கண்டு ஆச்சி மகிழ்ந்தார். மக்களோ மகிழவில்லை. "என்ரை வாய்க்காலிலை ஒருத்தரும் கால் வைக்கக் கூடாது," என்றார் பெரியம்மா. "தண்ணிக் குடத்தோடை நான் பறந்தே போறது?" என்றார் அம்மா. ஒன்பது குறுக்கீடு இருந்தபோது குற்றம் எல்லோர்க்கும் பொதுவாக இருந்தது. ஒன்றாகச் சுருங்கியதும் அது இருவர் தலையில் மட்டும் வந்து விழுந்தது. பிள்ளைகளின் மூளை போதாமையால்தான் அந்த ஒன்று மிஞ்சியது என்று பெரியவர்கள் முடிவு செய்தார்கள். பனங்கட்டிக் குட்டான் எமக்குக் கிடைக்கவில்லை.

நீதிமன்றப் படியேற இருந்த வழக்கை அம்மாவே முடித்து வைத்தார். ஒன்பதாவது வழி தமக்கு வேண்டாமென்று சொல்லிவிட்டார். வேலியிலிருந்த பொட்டைக் கதியால் நட்டு அடைத்தார்கள். எட்டு வழிகள் ஒன்றையொன்று வெட்டாமல் அழகாக அமைந்தன. அன்றுதொட்டு நாம் குடிதண்ணீரைக் கோயிற் கிணற்றிலிருந்து சுமந்து வந்தோம். முப்பது பாகத்தூரம் நடந்த அம்மா ஒழுங்கையைச் சுற்றிக் கால் மைல் நடந்தார். பெரியம்மாவும் அம்மாவும் பேசாதொழிந்தார்கள். பெரியம்மாவின் மகளுக்குத் திருமணம் நடந்தபோது மேளச் சத்தத்தை நாம் வேலிக்கு இப்பால் நின்றே கேட்டோம்.

பத்தாண்டுகளின் பின்னர்ப் பேராதனையிலே பட்டப்படிப்புக்குச் சென்றிருந்தோம். ஒரு நாள் நூலகத்திலே கணித நூலொன்றைப் புரட்டுகையில் எமது முற்றத்துப் படத்தையே அதிற் கண்டோம். மூன்று வீடுகளுக்குத் தண்ணீர், எரிவாயு, மின்சாரம் ஆகிய மூன்றையும் குறுக்கீடின்றிக் கொண்டுசெல்ல வேண்டுமென்ற புதிராக அது அங்கே இருந்தது. டியூடனி என்ற ஆங்கிலேயப் புதிர் நூலாசிரியர் 1917ஆம் ஆண்டு வெளியிட்ட தொகுதியில் அது இடம்பெற்றிருந்தது. அது மிகப் பழைய புதிர் என்று அவரே கூறியுமிருந்தார். கீழே விடை இரண்டே சொற்களில் இருந்தது: சமதளத்தில் இயலாது.

காரணத்தை மாணவர்கள் தாமே கணித்துப் பார்க்கலாம். புள்ளிகளும் அவற்றை இணைக்கும் கோடுகளும் சேர்ந்த உருவத்தைக் கணிதத்தில் வரைபு என்பர். கோடுகள் வெட்டாமல் ஒரே தொடராக அமைந்த வரைபிலே, புள்ளிகளின் தொகையிலிருந்து கோடுகளின் தொகையைக் கழித்து, கோடுகளால் அடைபட்ட அறைகளின் தொகையைக் கூட்டினால், வெளிப்புறத்தையும் ஓர் அறையாகக் கொள்ளுமிடத்து, எப்போதும் இரண்டே வரும். இது 18ஆம் நூற்றாண்டில் ஒயிலர் என்ற பேரறிஞர் கண்ட விதி. எமது வளவில் 6 புள்ளிகள், 9 கோடுகள். ஆகவே 5 அறைகள் இருத்தல் வேண்டும். வீட்டிலிருந்து கிணறு, கிணற்றிலிருந்து வீடு என்றே வழிகள் செல்வதால் ஓர் அறையைச் சூழக் குறைந்தது 4 கோடுகள் வேண்டும். 5 அறைக்கு 20 பக்கங்கள். ஒரு கோட்டுக்கு இரு பக்கமாக 9 கோட்டுக்கு இருப்பதோ 18. இரண்டு பக்கம் போதவில்லை. 8 கோடுகளாயின் 4 அறை, 16 பக்கம். கணக்குச் சரியாகப் பொருந்துகிறது. எட்டு அமைந்து ஒன்பதாவது அமையாததன் மருமம் இதுவே.

இன்னொன்றையும் அன்று விளங்கிக்கொண்டோம். 9, 7, 5, 3, 1 என்று ஒற்றைப்படை எண்களே எமக்கு வந்தன. இரட்டைப்படை எண் ஒரு தடவையேனும் வரவில்லை. அது தற்செயல் அன்று. பெரியம்மா வீட்டிலிருந்து குளிப்புக் கிணற்றுக்குச் செல்லும் வழியை, நல்ல தண்ணீர்க் கிணற்றின் இப்புறத்திலிருந்து அப்புறத்துக்கு மாற்றுகிறோம் என்று வையுங்கள். நல்ல தண்ணீர்க் கிணற்றில் மூன்று வழிகள் கூடுகின்றன. அவற்றுள் ஒன்று பெரியம்மாவுக்கே உரியது. தன் வழியைத் தான் வெட்டுவதை யாரும் குற்றமாக எண்ணுவதில்லை. எஞ்சியவை இரண்டு. அவ்விரண்டோடும் குறுக்கீடு ஒவ்வொன்று கூடும் அல்லது குறையும். ஆகவே மொத்தம் இரண்டு கூடும், இரண்டு குறையும், அல்லது மாறாதிருக்கும். வீட்டைச் சுற்றி வளைத்தாலும் இதே கணக்குத்தான். ஒன்பதில் தொடங்கி இரண்டிரண்டாக இறங்குபவன் ஒன்றை அடையலாம். பூச்சியத்தை ஒருநாளும் அடைய மாட்டான். மூன்று நாள் மணலிற் கிடந்து கண்ட உண்மையை நாம் தோல்வி என்று எண்ணியிருந்தோம்.

அவ்விடுமுறையில் ஊருக்கு வந்து, வேலிக்கு அப்பால் சென்று பெரியம்மாவிடம் இதனை விளக்கினோம். பொறுமையாகக் கேட்டார். "அப்ப பிழை ஆரிலை?" என்றார். ஒருவரிலும் இல்லை என்றோம். சற்று நேரம் பேசாதிருந்துவிட்டு, தேநீர் தந்து அனுப்பினார். வேலி அப்படியே நின்றது. உண்மை விளங்குவதற்கும் மனம் இளகுவதற்கும் இடையே எத்தனையோ ஆண்டுகள் கிடக்கின்றன என்பதை நாம் அப்போது அறியவில்லை.

பிற்காலத்தில் ஆசிரியத் தொழில் பார்த்த நாட்களில் இத்துறை பற்றிக் கிடைத்தவற்றையெல்லாம் வாசித்தோம். போலந்து அறிஞர் குரட்டோவ்ஸ்கி 1930இல் நிறுவிய தேற்றமொன்று எம்மை வியப்பிலாழ்த்தியது. ஒரு வரைபைக் குறுக்கீடின்றி வரைய இயலாதெனின், அதனுள்ளே இரண்டு உருவங்களுள் ஒன்று கட்டாயம் ஒளிந்திருக்குமாம். ஒன்று, ஐந்து புள்ளிகள் ஒவ்வொன்றும் ஏனைய நான்கோடும் இணைந்தது. மற்றது எமது மூன்று வீடும் மூன்று கிணறும்! எவ்வளவு பெரிய பட்டணத்து வீதிப் படமாயினும் தடை இவ்விரண்டில் ஒன்றே.

அதைவிட மனத்தைத் தொட்டது பால் துரான் என்ற ஹங்கேரிய கணித அறிஞரின் அனுபவம். 1944ஆம் ஆண்டு, இரண்டாம் உலகப் போரின்போது, அவர் புடாபெஸ்டுக்கு அண்மையில் ஒரு செங்கற் சூளையிலே கட்டாய வேலை செய்யும்படி நிறுத்தப்பட்டிருந்தார். சூளைகளிலிருந்து களஞ்சிய முற்றங்களுக்குத் தண்டவாளங்கள் சென்றன. ஒவ்வொரு சூளைக்கும் ஒவ்வொரு முற்றத்துக்கும் ஒரு பாதை. செங்கல் ஏற்றிய வண்டியைத் தள்ளிச் செல்கையில், பாதைகள் வெட்டும் இடங்களிலே வண்டி தடம் புரண்டு கற்கள் சிதறின. அந்தத் துன்பத்தினிடையே அவர், இக்குறுக்கீடுகளை எத்தனையாகக் குறைக்கலாம் என்று சிந்தித்தார். வாய்க்கால் இடிந்த எமது வளவும் வண்டி புரண்ட அச்சூளையும் கணிதத்தில் ஒன்றே.

1950-களில் சரன்கியேவிச் என்ற மற்றொரு போலந்து அறிஞர் அதற்கொரு விடை சொன்னார். அவர் கூறிய நிறுவலில் ஓட்டை உண்டென்பது 1960-களில் வெளிப்பட்டது. வீடுகளோ கிணறுகளோ ஆறுக்கு மேற்படாதவரை அவ்விடை சரியென்று 1970இல் கிளைட்மன் நிறுவினார். எல்லா எண்களுக்கும் அது பொருந்துமா என்பது இன்றும் முழுமையாக நிறுவப்படவில்லை. நிறுவப்பட்ட அளவிலேயே அதன் பாடம் பெரிது. மூன்று வீடு, மூன்று கிணற்றுக்கு ஒரு குறுக்கீடு போதும். நான்குக்கு நான்கு என்றால் 4. ஐந்துக்கு ஐந்து என்றால் 16. ஆறுக்கு ஆறு என்றால் 36. எமது வளவிலேயே அடுத்த தலைமுறையில் மூன்று வீடு ஆறாகிக் கிணறு மூன்றாகவே நின்றிருந்தால், குறைந்தது 6 குறுக்கீடுகள். எல்லாரும் எல்லாவற்றிலும் பங்கு கேட்டால் உரசல் எவ்வளவு விரைவாகப் பெருகும் என்பதை இவ்வெண்கள் காட்டுகின்றன. 1980-களின் தொடக்கத்தில் நிறுவப்பட்ட இன்னொரு தேற்றம் இதனைப் பொதுவாகவே சொல்கிறது: கோடுகள் புள்ளிகளைவிட நான்கு மடங்குக்கு மேற்பட்டபின், புள்ளிகள் பெருகாமல் கோடுகள் மட்டும் இரட்டித்தால், தவிர்க்க முடியாத குறுக்கீடுகளின் கீழெல்லை எட்டு மடங்காகிறது. கணினிச் சில்லுகளிலே நுண்ணிய கம்பிகளை அமைப்போர்க்கும் இது வழிகாட்டுகிறது.

எனினும் குறுக்கீடு சிலவாக இருக்கும்வரை வரைபின் ஒழுங்கு குலைவதில்லை. குறுக்கீடே இல்லாத வரைபின் புள்ளிகளுக்கு, இணைந்த இரண்டு ஒரே நிறம் பெறாதபடி வண்ணம் தீட்ட நான்கு நிறம் போதும் என்பது 1976இல் நிறுவப்பட்டது. ஒவ்வொரு கோடும் ஒருமுறைக்கு மேல் வெட்டப்படாத வரைபுக்கு ஆறு நிறம் போதும் என்று 1984இல் பொரோடின் நிறுவினார். நான்கு ஆறாயிற்று, அவ்வளவே. மேலும், ஒரே குறுக்கீடு உள்ள வரைபை அக்குறுக்கீடு இல்லாததாக்க இரண்டு வழிகள் உண்டு. வெட்டும் கோடுகளில் ஒன்றை நீக்கிவிடலாம். அல்லது ஒன்றின் மேல் ஒன்று செல்ல ஒரு பாலம் அமைக்கலாம். அம்மா முதல் வழியைக் கைக்கொண்டார். இரண்டாவது வழி எமது வளவில் ஒருவர் வாயிலும் வரவில்லை.

1995ஆம் ஆண்டு ஐப்பசி இறுதியில் வலிகாமம் முழுவதும் ஓரிரவில் இடம்பெயர்ந்தது. எமது ஒழுங்கையில் இருந்தவர்களும் தென்மராட்சிக்குச் சென்றார்கள். அங்கே ஒரு பாடசாலைக் கட்டிடத்தில் அம்மாவுக்கும் பெரியம்மாவுக்கும் பாய் விரிக்க அடுத்தடுத்தே இடம் கிடைத்தது. ஒரு வாளித் தண்ணீருக்கு ஒரே வரிசையில் நின்றார்கள். முதலில் யார் பேசினார் என்று எம்மிடம் இருவரும் கடைசிவரை சொல்லவில்லை.

1996இல் ஊர் திரும்பியபோது வீட்டுக் கூரை பாதி இல்லை; வேலி அடியோடு இல்லை. கிளுவையும் கிடுகும் போன இடத்திலே வெறும் மண் கிடந்தது. அதன் ஊடாக, முப்பதாண்டுகளுக்கு மேலாக எவரும் நடவாத அந்த ஒன்பதாவது வழி நல்ல தண்ணீர்க் கிணற்றை நோக்கித் திறந்து கிடந்தது. பெரியம்மா அப்போது எழுபதைக் கடந்திருந்தார். குளிப்புக் கிணற்றடியிலே கிடந்த பழைய துணி துவைக்கும் கல்லைக் காட்டி, "தம்பி, உதைப் பிரட்டி வாய்க்காலுக்கு மேலை போடு. கொம்மா தண்ணிக்குப் போகட்டும்," என்றார்.

நாலு பேர் சேர்ந்து கல்லைப் புரட்டினோம். கீழே தண்ணீர் ஓடியது. மேலே அம்மா குடத்தோடு நடந்தார். வரம்பு இடியவில்லை. அந்த வேலை முடிய அரை மணி நேரங்கூடச் செல்லவில்லை.

இன்று அவ்விருவரும் இல்லை. துலா போய் நீரிறைக்கும் இயந்திரம் வந்து, இயந்திரத்தோடு நிலத்தின்கீழ்ச் செல்லும் குழாயும் வந்துவிட்டது. 1990இல் நின்றுபோன புகையிரதம் 2014இல் யாழ்ப்பாணத்துக்கும், 2015 தை மாதத்தில் காங்கேசன்துறைக்கும் மீண்டும் வந்தது. எமது ஒழுங்கைகள் பாதையைக் கடக்குமிடங்களில் நாம் மறுபடியும் நின்று, வண்டி போனபின் செல்லப் பழகிக்கொண்டோம். துவைக்கும் கல் மட்டும் போட்ட இடத்திலேயே கிடக்கிறது. வளவுக்கு வரும் பேரப்பிள்ளைகள், தண்ணீரில்லாத இடத்தில் எதற்குப் பாலம் என்று கேட்கிறார்கள். நாம் அவர்களுக்கு மூன்று சிரட்டையும் மூன்று புளியங்கொட்டையும் எடுத்துக் கொடுத்து மணலைக் காட்டுகின்றோம். ஒன்று மிஞ்சுகிறது என்று சொல்லிக்கொண்டு வருபவர்க்குப் பனங்கட்டிக் குட்டான் காத்திருக்கிறது.